ரவைப் பெட்டி

என் முதலாளிக்கு மான் சுடத் தெரியும். எதால் சுடவேண்டும் என்பதுதான் தெரியாது. இதை அவருக்குச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருடங்கள் பிடித்தன. சொல்லிய வாயை ஏன் மூடிக்கொண்டு இருக்கவில்லை என்று நொந்துகொள்ள ஒரு வருடம்கூடப் பிடிக்கவில்லை.

பாரிஸ் லா சப்பலில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பிரெஞ்சுக்காரருடைய உணவகம். அதன் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கியவன் நான். இப்போது இறைச்சி வேலை முழுவதும் என் கையில். இலையுதிர் காலம் வந்தால் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசுக்கு வெளியே காட்டுக்குப் போவார். திங்கட்கிழமை காலை ஒரு மானோடு வருவார். பெரிய கொம்பு வைத்த மான் என்று நினைக்க வேண்டாம். நடுத்தரமான ஒரு ஆட்டின் அளவுதான் இருக்கும். உரிப்பதும் வெட்டுவதும் என் பாடு, மேசை மேசையாகப் போய்க் கதை சொல்வது அவர் பாடு.

அந்த வருடம் வந்த மான்கள் எல்லாம் பழுதாக இருந்தன. இறைச்சி கறுத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. சமைத்தால் ஒரு கெட்ட வாடை. மூன்றாவது தடவை ஒரு வாடிக்கையாளர் தட்டைத் திருப்பி அனுப்பியதும், முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். குளிரறையை ஒழுங்காகப் பூட்டவில்லையாம், கத்தியைக் கழுவவில்லையாம். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும், அது அவருக்கும் தெரியும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், தொங்கிய தோலை விரித்துக் காட்டினேன். ரவை உள்ளே போன ஓட்டைக்குள் என் சின்னவிரல் நுழையவில்லை. மறுபக்கம் வெளியேறிய ஓட்டையும் அதே அளவுதான்.

அவருடைய துப்பாக்கி அவரின் தகப்பன் காலத்தது. நல்ல துப்பாக்கி, ஆனால் வேகம் குறைவு. முன்பெல்லாம் அதற்கு ஈயமுனை ரவை போடுவார். அந்த வருடம் வேட்டைக் கூட்டாளி ஒருவர், முழுச் செம்பில் செய்த ரவைதான் இப்போது எல்லோரும் பாவிப்பது என்று சொல்ல, இவரும் வாங்கிவிட்டார். கூட்டாளியின் துப்பாக்கி புதியது, படுவேகமானது. அந்த வேகத்தில் போய் அடித்தால் செம்பு முனை பூப்போல விரியும். இவருடைய துப்பாக்கியின் வேகத்துக்கு அது விரியாது. போன மாதிரியே உள்ளே போய், போன மாதிரியே வெளியே வரும். சூடு பட்டது மானுக்கே தெரியாது. அது ஓடும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து நாய் விட்டுத் தேடிப் பிடிப்பார்கள். அவ்வளவு நேரமும் ஓடிய ஓட்டமும் பட்ட பயமும்தான் அந்தக் கறுத்த இறைச்சி.

துப்பாக்கியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ரவையை மாற்றுங்கள் என்றேன். முனையில் ஈயம் வெளியே தெரிகிற, செம்புறை மெல்லிதான, கொஞ்சம் பாரமான ரவை இந்த வேகத்துக்குப் போதும். அது பட்டவுடன் காளான்போல் விரிந்துவிடும், மான் நின்ற இடத்திலேயே விழும். அதையே கூட்டாளியின் துப்பாக்கியில் போட்டால் தோளிலேயே வெடித்துச் சிதறி, முன்பாதி முழுவதையும் குப்பையில் போட வேண்டி வரும். ஆளுக்கு ஏற்ற உடுப்பு மாதிரித்தான் இதுவும். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் முதலில் என் நிறத்தைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். இந்த ரவை ஆகக் குறைந்தது எந்த வேகத்தில் விரியும் என்று நான் கேட்டபிறகு, என்னோடு மட்டும்தான் பேசினார். அடுத்த திங்கள் வந்த மான் முப்பது அடி தூரம்கூட ஓடவில்லையாம். இறைச்சி இளஞ்சிவப்பாக இருந்தது. முதலாளி எனக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றித் தந்து, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக நீங்கள் சுட்டதை வெட்டுகிறவன் நான்தானே என்றேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி, பதினேழு வயதில் ஊரில், சண்டைக் காலத்தில் நடந்தது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் வந்து என்னையும் என் சினேகிதனையும் பெட்டி தூக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்தவர்கள் என்று இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்களை ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவை ரவைகள். விடியும் நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து சுட்டார்கள். சினேகிதனுக்கு விலாவுக்குக் கீழே பட்டது. "ஒண்டுமில்லையடா, உரசிப்போட்டுது" என்று சொல்லிவிட்டு என்னோடு சேர்ந்து ஓடினான். இரண்டு வயல் தாண்டிப் பற்றைக்குள் விழுந்தபிறகு சேட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் சின்னவிரல் நுழையாத ஓட்டை. அவன் சாக மத்தியானம் தாண்டியது. அவ்வளவு நேரமும் தண்ணீர் கேட்டான். கொடுத்தால் செத்துவிடுவான் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி, நான் கொடுக்கவில்லை.

போரில் விரியாத ரவைதான் பாவிக்க வேண்டும், அதுதான் மனிதாபிமானம் என்று அரசாங்கங்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததாகப் பிறகு அறிந்தேன். மான் என்றால் விரிவது இரக்கமாம், மனிதன் என்றால் விரியாதது இரக்கமாம். முடிவெடுத்த துரைமாரில் ஒருவராவது அந்தப் பற்றைக்குள் என்னோடு வந்து இருந்திருக்க வேண்டும்.

சினேகிதனுடைய தங்கை இப்போது பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் குடும்பமாக இருக்கிறாள். அண்ணன் கஷ்டப்பட்டானா என்று அவள் கேட்டபோது, உடனே போய்விட்டான் என்றுதான் சொன்னேன்.

பிரான்சுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது இந்தக் கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னேன். எனக்கு அப்போது பிரெஞ்சில் வணக்கம் சொல்லவும் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர். நல்ல மனிதர், என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டார். "ரவைப் பெட்டி தூக்கினனாங்கள்" என்று நான் சொன்னபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார், அதிகாரி எழுதினார். நிராகரிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு லூயி-பிளாங் தெருவில் ஒரு ரெலிபோன் கடைக்குப் போனேன். வாசித்துச் சொன்ன கடைக்கார அண்ணைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தம்பி, நீர் என்ன உப்புமாவுக்குப் பயந்தோ ஓடி வந்தனீர்?"

கடிதத்தில் 'செமூல்' என்று இருந்தது. செமூல் என்றால் கோதுமை ரவை. மொழிபெயர்த்த பாண்டிச்சேரிக்காரரின் ஊரில் சுடுவது தோட்டா, கிண்டுவதுதான் ரவை. எங்களுக்கு இரண்டும் ஒரே சொல். உணவுப் பொருள் சுமந்ததற்காக ஒருவரும் ஒருவரைத் துன்புறுத்த மாட்டார்கள் என்று எழுதி முடித்திருந்தார்கள். மேல்முறையீட்டில் யாழ்ப்பாணத்தார் ஒருவரை வைத்துத் திருத்திச் சொன்னேன். முதலில் கோதுமை ரவை என்றவர் இப்போது வெடிப்பொருள் என்கிறார், வாக்குமூலம் முரண்படுகிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். பிறகு எட்டு வருடம் விசா இல்லாமல், பொலிஸைக் கண்டால் தெரு மாறி நடந்தேன். கடைசியில் முதலாளி தந்த வேலை ஒப்பந்தத்தால்தான் விசா கிடைத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு.

இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். அது கிடைத்தால் இனி ஒருவரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது. முதலாளி தானாகவே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி, எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் சில பேருடைய பாசம் ஆளைக் கொல்லும். நேர்முகத்தில் கேள்வி கேட்ட அதிகாரி அம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். 'இவர் எங்கள் காட்டையும் எங்கள் வேட்டையையும் எங்களைவிட நன்றாக அறிந்தவர், எந்தத் துப்பாக்கிக்கு எந்த ரவை என்று எங்கள் வேட்டைக்காரருக்கே சொல்லிக் கொடுப்பவர்.'

வாசித்துவிட்டு எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். குரலில் பகை இல்லை. இறைச்சி வெட்டிப் பழகியது என்றேன். அவர் என் கோப்பிலிருந்த தாள்களைப் புரட்டினார். அடியில் என் பழைய நிராகரிப்புக் கடிதங்கள் இரண்டும் இருந்தன. முதலில் கோதுமை ரவை என்றும் பிறகு வெடிப்பொருள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், எது சரி என்று கேட்டுவிட்டுப் பேனையை எடுத்தார்.

எனக்கு இப்போது மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இருபது வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த வாக்கியம் நல்ல பிரெஞ்சிலேயே நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஆயுதக்காரருக்கு ரவை சுமந்தவன் என்று என் வாயாலேயே சொன்னால், அந்தப் பேனை என்ன எழுதும் என்றும் தெரியும். பெடியனாகக் கட்டாயத்தில் சுமந்தேன் என்பதை எழுத அந்தப் படிவத்தில் எத்தனை வரி இருந்திருக்கும்?

"செமூல், மதாம்," என்றேன். "கோதுமை ரவைதான்."

அவர் எழுதிக்கொண்டார். நிம்மதியாகச் சிரிக்கவும் செய்தார். நான் வெளியே வந்து மெற்றோ படிக்கட்டில் குந்தியிருந்து என்னை நானே தூசணத்தால் ஏசினேன். கோதுமை ரவை சுமந்தவனை ஒருவரும் சுட்டிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் என் சினேகிதன் அந்தப் பற்றைக்குள் சாகவும் இல்லை. தண்ணீர் கொடுக்காமல் ஒருமுறை கொன்றேன், பேப்பருக்காக இன்னொருமுறை.

குடியுரிமை கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முதலாளி வேட்டைக்குப் போகாமல் வைன் போத்தலோடு வந்தார். திரான்சியிலிருந்து சினேகிதனின் தங்கையும் வந்தாள். பெரிய சட்டி நிறையக் கேசரி கிண்டி, முந்திரிகைவத்தல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் முதல் எனக்குத்தான் என்று ஒரு கரண்டி அள்ளி வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அண்ணை இருந்திருந்தா அவர்தான் உங்களுக்கு முதல் வாய் தந்திருப்பார்," என்றாள். "ரவை நல்லா வறுத்தனான். சாப்பிடுங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து வாங்கி விழுங்கினேன்.