கிணற்றடி மட்டும் மிச்சம்

பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு நிரோசினிக்கு மறந்துபோயிற்று. இப்போது அவளிடம் இருப்பது, கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த பிறகு காதால் பிடித்த இங்கிலீசு. அதில் பாதி, வேலையை நிறுத்துகிற சொற்கள்தான். விசிலடித்து எல்லோரையும் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னால் ஸ்டொப். இந்த நிலத்தில் வெடிப்பொருள் கிடையாது என்று விசாரித்து உறுதியாகி, தோண்டாமலே விட்டுவிட்டால் கான்சல். கடைசிச் சாண் வரை கிளறிப் பார்த்தாயிற்றென்றால் கொம்பிளீட். அதைக் காணிக்காரரிடம் ஒப்படைப்பது ஹாண்ட் ஓவர். பாதியில் விட்டுவிட்டுப் போவது சஸ்பென்ட். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘முடிஞ்சுது’ என்று சொல்லிவிடலாம். அதை நம்பி ஒருவர் காலை வைத்துவிட்டால்? அதனால் அவளுடைய அணியில் யாரும் அவற்றைத் தமிழில் சொல்வதில்லை.

போர் முடிந்து அகதி முகாமிலிருந்து புதுக்குடியிருப்புக்குத் திரும்பியபோது அவளுக்குப் புருசன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மாதச் சம்பளம் தரும் வேலை இது ஒன்றுதான் கண்ணில் பட்டது. முழங்காலிட்டு இருந்து, முகத்துக்கு மறைப்புப் போட்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிற வேலை. வருசங்கள் போக, அணித் தலைவி ஆனாள். ‘மிதிவெடி எடுக்கிற அம்மாவுக்குக் கரப்பானைக் கண்டால் கை நடுங்கும்’ என்று மகள்கள் பகிடி பண்ணுவார்கள்.

கடைசியாக அவளுக்குக் கிடைத்தது கடலோரக் களப்புக் கரையில் மரியநேசனின் காணி. போருக்குப் பிறகு மனைவி புனிதத்தோடு மைத்துனியின் வீட்டில் ஒதுங்கியிருக்கும் மீன்பிடிகாரர். மீனை விற்றுவிட்டுச் சைக்கிளில் வந்து, அபாய எல்லைக்கு நட்ட சிவப்புத் தலைக் குச்சிகளுக்கு வெளியே நிற்பார்.

“பிள்ளை, இண்டைக்கு எங்க மட்டும் வந்திட்டியள்?”

“அந்தப் பனை மட்டும் அண்ணை.”

“நேற்றும் பனைதானே சொன்னனீ? பனையும் உங்களோட சேர்ந்து நடக்குதோ?”

“அது வேற பனை அண்ணை.”

“என்ர காணியில எனக்குத் தெரியாத பனையோ!”

அவருக்குப் பனையைப் பற்றிக் கவலையில்லை. கிணறுதான் வேண்டும். அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அவருடைய கிணறு ஒன்றில்தான் நல்ல தண்ணீர். கிணறு கைக்கு வந்தால் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, மைத்துனியின் குசினியிலிருந்து புனிதத்தை வெளியே கூட்டிவந்துவிடலாம் என்று இருந்தார்.

கிணற்றைச் சுற்றித்தான் பழைய வீடும் இடிந்து கிடந்தது. ஆணி, தகரம், ஷெல் துண்டு. டிடெக்டரைத் தாழ்த்தினாலே கத்தும். கத்துகிற ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஒருத்தி இருந்தாலும் ஒரு பாய் விரிக்கிற அளவுதான் முடியும். நிறுவனத்தின் கந்தோரோ மாத முடிவில் எத்தனை சதுர மீற்றர் என்று கேட்கும். ஆகையால் வெறும் புல்வெளியை முதலில் கிளறிக் கணக்குக் காட்டிவிட்டு, கத்துகிற நிலத்தைக் கடைசிக்கு வைப்பது எல்லா அணிகளுக்கும் பழக்கம். நிரோசினியும் அப்படித்தான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் ஜெயந்தன் வந்தார். வெளிநாட்டுக் காசு நின்றுவிட்டது, வருகிற வெள்ளியோடு எல்லாம் குளோஸ் என்றார்.

“சேர், கிணத்தடி மிச்சம் கிடக்கு.”

“தெரியும்.”

“அதை மட்டும் கொம்பிளீட் பண்ணுவம். சம்பளம் இல்லாட்டியும் எங்கட அணிப் பிள்ளையள் நிப்பினம்.”

“காப்புறுதி இல்லாமல் ஒருதரையும் உள்ளுக்கு விடேலாது நிரோசினி. சஸ்பென்ட் எண்டுதான் போடோணும்.”

“பிறகு ஆர் சேர் வருவினம்?”

“சனிக்கிழமையில இருந்து எனக்கும் வேலை இல்லை. என்னட்டைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

அன்று பின்னேரம் மரியநேசனிடம் அவளே சொன்னாள். சஸ்பென்ட் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, கிணற்றடியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறோம் என்றாள்.

“கொஞ்ச நாளைக்கோ?”

“தெரியாது அண்ணை.”

“ஒரு வருசம்?”

“தெரியாது.”

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். “முதல்ல இதில இருந்து துவங்கியிருந்தால்?”

அவள் பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. “துவங்கியிருந்தால் முடிஞ்சிருக்கும்.”

“செதிலைப் பத்திரப்படுத்திப்போட்டு மீனைக் கடலில விட்டிட்டியள் பிள்ளை” என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை, மிச்ச நிலத்தைச் சுற்றிச் சீமெந்துக் கட்டைகள் நடவேண்டியிருந்தது. குச்சிகள் மழைக்கு உக்கிவிடும்; சஸ்பென்ட் ஆன நிலத்துக்குக் கட்டைதான் நிற்கும். மரியநேசன் வந்து, குழி தோண்டிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து அலவாங்கை வாங்கினார்.

“இந்தக் கட்டையைக் கிணத்துக்கு அங்கால நடுவம் பிள்ளை.”

“ஏலாது அண்ணை.”

“ஒரு வாளியோட ஒரு ஆள் போய் வாற பாதை. அவ்வளவுதான் கேக்கிறன்.”

“பாதையும் பாக்காத நிலம் அண்ணை.”

“என்ர ஆடு போய் வருகுது.”

“ஆட்டுக்கு உங்கட பாரம் இல்லை.”

அவர், அவள் எல்லைக் கயிறு பிடித்த இடத்திலேயே குத்தத் தொடங்கினார். எல்லாக் குழிகளையும் அவரே தோண்டினார். பெண்கள் கட்டைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். தன் காணிக்குத் தானே வேலி போடுகிற மனிதரை என்ன சொல்லித் தடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை.”

“கோடை வருகுது. மச்சாளின்ர கிணத்தில இப்பவே சேறு. புனிதம் தண்ணிக்கு எங்க போறது எண்டு நீ சொல்லு, பிறகு நான் சொல்லுறன்.”

அவர்களை ஏற்றிப்போக வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். பெண்கள் பாதுகாப்பு அங்கிகளைக் கழற்றி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அலவாங்கும் கந்தோருக்குரியது, அவள் கை நீட்டினாள். அவர் மண்ணைத் தட்டிவிட்டுக் கொடுத்தார்.

வான் வெளிக்கிட்டபோது கண்ணாடியூடாகப் பார்த்தாள். போகமாட்டன் என்று கடைசிவரை சொல்லாத மரியநேசன், இன்னும் கட்டைக்கு வெளியேதான் நின்றார். கிணறு அவருக்கு எட்டுகிற மாதிரித்தான் இருந்தது.