குழாயில் ஒட்டிய கரு

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, கோயம்புத்தூரில் டெஸ்ட் டியூப் முறையில் எனக்குக் கருவை வைத்தார்கள். இப்படியும் பிள்ளை பெறுவதா என்று மாமியார் முகம் சுளிப்பாரோ என்று பயந்திருந்தேன். மீனாட்சிபுரத்தில் மாடு வளர்க்கும் வீட்டில் அந்தப் பயம் தேவையே இல்லை. எங்கள் தொழுவத்தில் எல்லாக் கன்றும் காளை சேராமல் சினை ஊசியில் பிறந்ததுதான்.

வந்த வினையும் அதுதான். ஊசி போட்ட மாட்டை அலையவிட மாட்டார்கள், நிழலில் கட்டிவிடுவார்கள். அத்தை என்னைக் கட்டிலோடு கட்டாத குறை. ரத்தப் பரிசோதனையில் கரு உண்டு என்று தெரிந்ததும் காவல் இன்னும் கூடியது. ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாளையே தள்ளிப்போட்டார்.

"ரோடு பூராக் குழி கண்ணு. குலுங்குனா நிக்காது. அடுத்த வாரம் போலாங் கண்ணு."

என்னை யாரும் அதுவரை அப்படித் தாங்கியதில்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்றது. பிறகு தோள்பட்டை வலித்தது. ஒருக்களித்தே படுத்ததால் பிடித்துக்கொண்டது என்று அத்தை எண்ணெய் தேய்த்தார். தேய்க்கும்போதே எனக்குக் கண் இருண்டது. கார் வேண்டாம், குலுங்கும் என்று நான்தான் முனகினேனாம். அத்தை மாட்டுக்குப் பார்ப்பதுபோல் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"குழி கிழின்னு பாக்காத, முடுக்குடா" என்று மகனைக் காரை எடுக்கச் சொன்னார்.

பொள்ளாச்சியில் ஆபரேஷன் செய்தார்கள். கர்ப்பப்பையில் வைத்த கரு நகர்ந்து கருக்குழாயில் ஒட்டி வளர்ந்திருக்கிறது. குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். குழாயையே எடுத்துவிட்டார்கள். இந்தச் சிகிச்சையில் சிலருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லை, ஆனால் சொன்ன நாளில் ஸ்கேனுக்கு வந்திருந்தால் வெடிக்கும் முன்பே பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அத்தை பின்பாதியை மட்டும்தான் காதில் வாங்கினார். வீடு வந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரை என்னவென்று திட்டுவது?

பால் சொசைட்டிக்குப் போகிற ஒருத்தி, உள்ளே படுத்திருந்த எனக்கும் கேட்கும்படி வாசலில் நின்று விசாரித்தாள்.

"ஏனுங்க, உங்க மருமகளுக்குக் கரு நிக்கவே இல்லீங்களாமா?"

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

"நின்னுச்சுங்க" என்றார் அத்தை. "எடந்தான் தப்பிப் போச்சு. பேரனோ பேத்தியோ, எங்க ஊட்டுல ஒண்ணு இருந்துச்சுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.