துப்பக்கூடாத காடு

முதலில் இரத்தம் வரவில்லை. மாலையானால் உடம்பு காயும். விடியும்போது சேலை வியர்வையில் நனைந்திருக்கும். வேலை கூடிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கொக்குவில் வீட்டுக் கிணற்றடியில் ஒரு காலை இருமித் துப்பியபோது சிவப்பைக் கண்டேன். அன்றைக்கே என் கணவர் வண்டி பிடித்தார்.

சயரோகம் (நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார் டொக்டர். தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஓய்வு, பால், முட்டை, நல்ல காற்று. முட்டை என்றதும் என் கணவர் முகத்தைச் சுளித்தார். காற்றுக்கு மட்டும் உடனே சம்மதித்தார். டொக்டர் மூடி போட்ட தகரப்பேணி ஒன்றைத் தந்து, சளியை அதில் துப்பி எரிக்கச் சொன்னார்.

காற்றுக்காகத் தென்மராட்சியில் என் அக்காவின் வளவு வீட்டுக்குக் குடிபோனோம். பின்னால் ஐயனார் கோயில் காடு. கோடரி படாத பாலை, வீரை மரங்கள் வெயிலை நிலத்தில் விழ விடாமல் நின்றன. விழுந்த சுள்ளியைக்கூட ஒருவரும் அடுப்புக்கு எடுப்பதில்லை. உள்ளே செருப்பில்லை, உரத்த பேச்சில்லை, துப்பவும் கூடாது. எச்சில் பேணியை எல்லைக்கல்லுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் காலையில் உள்ளே போவேன். இருமல் வந்தால் விழுங்கிவிடுவேன்.

அந்தக் காட்டில் எனக்குச் சாவுப் பயம் விட்டுப்போயிற்று. என்னைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்த அங்கே ஆளில்லை. காய்ச்சலும் தணிந்தது. பிறகு வயிறு வலிக்கத் தொடங்கியது, சாப்பாடு தங்கவில்லை.

டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“சளியை என்ன செய்யிறனீங்கள்?”

“காட்டுக்குள்ளை எண்டால் விழுங்கிறனான்.”

“சயரோக வருத்தம் குடலுக்கும் போயிட்டுதம்மா. இனி ஒரு துளியும் விழுங்கப்படாது.”

“கோயில் எல்லைக்குள்ளை துப்பேலாது, ஐயா,” என்றார் என் கணவர்.

“அப்ப காட்டுக்குப் போகவேண்டாம்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டொக்டர் மேலா, ஐயனார் மேலா என்று தெரியவில்லை. “அறைக்குள்ளை கிடந்து சாகிறன்,” என்று திரும்பும் வழியில் என் கணவரிடம் சொன்னேன். பிறர் வாய் வைத்த குவளையை விரலாலும் தொடாத மனிதர் அவர். அந்தப் பேணியை அதுவரை நானேதான் கழுவி வந்தேன்.

மறுநாள் காலை குளித்துத் திருநீறு பூசினார். சால்வையை இடுப்பில் கட்டினார். பிறகு பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எல்லைக்கல்லில் நிற்கவில்லை.

“இஞ்சாருங்கோ, அது எச்சில்.”

“ஓம். ஐயனாரோடை நான் கதைக்கிறன். நீர் இருமும்.”

பாலை மரத்தடியில் மூடியைத் திறந்து என் வாயருகே பிடித்தார். முகத்தைத் திருப்பவில்லை. நான் இருமினேன், அழுதேன்.

குடல் ஆறுமா என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை. இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, எந்தச் சாமிக்காகவும் சளியை விழுங்காதீர்கள். அடுத்த வருடம், அடுத்த பொங்கல் என்று நான் இப்போது எண்ணுவதில்லை. ஓர் இருமலுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பதுதான் என் காலம். இந்த உடம்பும் முன்போல் என்னுடையது மட்டுமல்ல. நெஞ்சு கரகரக்கும்போது, பக்கத்தில் பேணி திறபடும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்து இருமப் பழகிவிட்டேன்.