ஐந்து எண்ணுவதற்குள் காணாமல் போன தண்ணீர்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங்கில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டுக் காட்டை அழிக்கச் சொல்லி நிலத்துக்காரருக்கு மனு எழுதியவன், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான்தான். "சுதந்திர நாட்டில் பாம்புகளுக்கு என்ன வேலை?" என்று ஒரு வரி வேறு. அதை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். தெருவே கையெழுத்துப் போட்டது.

நிலத்துக்காரர் பாதிக் காட்டை வெட்டி, சருகுகூட மிச்சமில்லாமல் வழித்தெடுத்தார். முதல் பெருமழையிலேயே செம்மண் தண்ணீர் பின்வாசல் வழியாகப் புகுந்து என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை ஊறவைத்தது.

"படிச்ச மனுஷன் எழுதின மனுவாச்சே, தண்ணி நேரா படிக்கத்தான் வந்திருக்கு," என்றாள் மனைவி.

அதே மழை அதே மேட்டில்தான் இத்தனை வருஷமும் பெய்தது. அதெல்லாம் எங்கே போயிற்று என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மீதிக் காட்டையாவது காப்பாற்றியாக வேண்டும். நிலத்துக்காரரைக் கையோடு மேட்டுக்கு அழைத்துப் போனேன்.

இரு பக்கமும் வெட்டிய பால் டின்னை மொட்டைத் தரையில் அழுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். நூறு வரை எண்ணியும் அது வாடகைக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. மரங்களுக்கடியில் அதே டின், அதே டம்ளர். ஐந்து எண்ணுவதற்குள் காணோம். புழுத் துளையும் வேர்த் தடமுமாக மண் அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

"இன்னொண்ணு ஊத்துங்க," என்றார். அதுவும் போயிற்று.

பிறகு சட்டைப்பையிலிருந்து என் மனுவை எடுத்து விரித்தார். "வித்தை நல்லாத்தான் இருக்கு, கிராணியாரே. இதுல மொதக் கையெழுத்து யாருது?"

"என்னுதுதான். தப்பா எழுதிட்டேன்."

"அப்ப தெருவையும் தப்புன்னு எழுதித் தரச் சொல்லுங்க. மிச்சத்தை வெட்டல."

வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"பாம்பு வந்தா நீங்க புடிப்பீங்களா, கிராணி?" என்றார் எதிர்வீட்டு அம்மாள். "தண்ணி உங்க வீட்டுலதானே பூந்துச்சு? எங்களுக்கு என்ன?"

இரண்டாவது மனுவில் ஒரே கையெழுத்து, என்னுடையது. மீதிக் காடும் போயிற்று.

அடுத்த மழையில் தண்ணீர் வீடு பார்த்து நுழையவில்லை; எல்லார் வீட்டிலும் புகுந்தது. கணுக்கால் சேற்றோடும் கையில் துடைப்பத்தோடும் அதே அம்மாள் என் வாசலில் வந்து நின்றார். "கிராணி, நீங்கதான் நல்லா எழுதுவீங்க. தண்ணி வடிய தெருவோர லொங்காங் வாய்க்காலைப் பெருசா வெட்டச் சொல்லி ஒரு மனு எழுதுங்களேன்."

எழுதினேன். இம்முறை தெருவே கையெழுத்துப் போட்டது.