இரண்டு கைப்பிடி சாம்பிராணி

மாசி பாதிகூட ஆகவில்லை, அதற்குள் வெயில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஈப்போவில் வழக்கமாக மாலை நான்கு மணிக்கு மேகம் கறுக்கும். ஐந்துக்குள் ஒரு மழை அடித்து ஓயும். இந்த வருடம் மேகம் கறுக்கிறது, குன்றுகள் வரை வந்து எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது. பதினோரு நாள்களாக இதே கதை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் குணம்.

எனக்கு வேலை ஏர்கோன் பழுது பார்ப்பது. வெயில் ஏறினால் என் கைப்பேசி ஓயாது. "அண்ணே, காத்து வருது, குளிர் வரல, இன்னைக்கே வாங்க லா" என்று சிலிபினிலிருந்து காம்பார் வரை கூப்பிடுவார்கள். ஊர் வெந்தால் என் பிழைப்பு நன்றாக நடக்கும். ஆனாலும் மூன்று வருடங்களாக வெயில் காலம் பிறந்தாலே நான் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் மகள். இப்போது எட்டு வயது. ஐந்து வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. மழை நாள்களில் அவளைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காற்று காய்ந்து, அதில் தூசியும் புகையும் சேர்ந்துவிட்டால் அவள் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும். ஒருமுறை கேட்டவனுக்கு அது மறக்காது.

அந்த வாரம் பீடோரில் ஒரு வீட்டில் வேலை. நான் பிறந்த ரப்பர் தோட்டம் அந்தப் பக்கம்தான். இப்போது எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. சாலை வளைவில் பத்துப் பன்னிரண்டு பால்மரங்களை மட்டும் என்ன காரணத்தாலோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மாசியில் பால்மரம் இலை உதிர்ப்பது புதிதில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொட்டும். அன்று பார்த்தால் ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லை.

"ஒரே வாரத்துல மொத்தமா கொட்டிருச்சுண்ணே," என்றார் வீட்டுக்காரர், என் ஏணியைப் பிடித்துக்கொண்டு. "இந்த வருசம் வெயிலு லேசுல விடாது. ஆடி ஆவணில ஜெரெபு கன்பர்ம் லா."

ஜெரெபு என்றால் புகைமூட்டம். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தால், காற்று அதை வாரிக்கொண்டு வந்து எங்கள் குன்றுகளையே மறைத்துவிடும். பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஒரு திருகாணியைக் கீழே போட்டேன்.

வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு அக்கா கூட்டிய மாவிலைச் சருகைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. சாயங்காலம் கூட்டினால் கொளுத்தியாக வேண்டும், கொசுவும் போகும். மற்ற நாளாக இருந்தால் தன்மையாகச் சொல்லியிருப்பேன். அன்று மோட்டார்சைக்கிளைக்கூட நிறுத்தாமல் கத்தினேன்.

"அறிவு இருக்கா அக்கா? வீட்டுல பிள்ளைக்கு இழுப்புன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவர் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அதன்பின் இரண்டு நாள் என்னைக் கண்டால் கதவுக்குள் போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். நியாயம் என் பக்கம் அல்லவா?

அதோடு நிற்கவில்லை. ஏர்கோன் குழாயைச் சுற்றும் வெள்ளை டேப் என்னிடம் சுருள் சுருளாக உண்டு. கதவுகளுக்கு அடியில் துணியைத் திணித்தேன். சன்னல் இடுக்கு, சமையலறை மேல் துவாரம், ஒன்று விடாமல் டேப் ஒட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "ஜெரெபு வர இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, இப்பவே வீட்ட பார்சல் கட்றீங்களே," என்றாள். நான் சிரிக்கவில்லை. மகள் தொண்டையைச் செருமினால் போதும், நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவள் முன்னால் போய் நிற்பேன். "இருமலா? நெஞ்சு இறுக்குதா? உண்மையச் சொல்லு." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மனைவிக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். ஆறு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: விளக்கு ஏத்திடுங்க, சாம்பிராணி மறந்துறாதீங்க. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி தவறியதே இல்லை. சிரட்டைக் கரி கனன்றதும் தூபக்காலில் போட்டு, பூசை அறையில் தொடங்கி ஒவ்வொரு அறை மூலைக்கும் காட்டி, கடைசியில் தலை முழுகியிருக்கும் மகளின் கூந்தலுக்கும் காட்ட வேண்டும். வழக்கமாக ஒரு கைப்பிடி போடுவோம். அன்று நான் இரண்டு கைப்பிடி போட்டேன். பிள்ளை மேல் என்ன கண் பட்டிருந்தாலும் போகட்டும், வரப்போகிற காலத்தை ஆத்தா நல்லபடியாகக் கடத்திவிடட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே போட்டேன். மகள் குனிந்து கூந்தலை முன்னால் விரித்துப் போட்டு நின்றாள். நான் புகையை அதற்குள் விசிறினேன்.

சன்னல்களில் டேப் ஒட்டியிருந்தது என் நினைவிலேயே இல்லை. நினைவிருந்தாலும் திறந்திருப்பேனா என்பது சந்தேகம். மூன்று வருடமாக டாக்டர் "வீட்ல யாராச்சும் சிகரெட் குடிக்கிறீங்களா? கொசுவத்தி கொளுத்துறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னவன் நான். சாம்பிராணியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அது புகையா என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பேன். அது சாமி காரியம்.

அவள் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. பேச வாய் திறந்தாள், சொல் வரவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. விசில் சத்தம்கூடக் கேட்கவில்லை, விசில் வரவும் கொஞ்சம் காற்று போக வேண்டுமே, அதுதான் என்னைக் கொன்றது. நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று. அறை முழுக்கப் புகை. நான் மருந்தையும் புகையையும் சேர்த்தே அவளுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன், அது எனக்கு உறைக்கவில்லை. "அக்கா, அக்கா" என்று கத்தியது மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கால் வைத்ததும், "பிள்ளைய வெளிய தூக்குங்க தம்பி, மொதல்ல வெளிய," என்றார். தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் உள்ளே போய் நான் ஒட்டிய டேப்பையெல்லாம் நகத்தால் கிழித்துச் சன்னல்களைத் திறந்தார். தூபக்காலைப் பின்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார். நான் கத்தியபோது தன் சருகுக் குவியலை அணைத்த அதே வாளி. கிளினிக்குக்கு அவர்தான் தன் காரை ஓட்டினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிளினிக்கில் முகமூடி வழியாக மருந்து ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் அவள் தோள்கள் இறங்கின. உதட்டில் நிறம் திரும்பியது. வேலையிலிருந்து நேராக வந்த மனைவி என்னைத் திட்டவில்லை. "நான்தான மெசேஜ் போட்டேன்," என்று மட்டும் சொல்லி, மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். கூந்தலில் இன்னும் சாம்பிராணி மணத்தது.

மறுநாள் காலை பசியாறும்போது மெதுவாகக் கேட்டேன். "புகை போடுறப்பவே இறுக்கமா இருந்துச்சாம்மா?"

"அதுக்கு முன்னாடியே, ப்பா. ஸ்கூல்லயே இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னாள். "நான் இருமுனா ஒங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருது. எனக்கு அதப் பாத்தா பயமா இருக்கு. அதான் அடக்கிக்கிட்டேன்."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திறந்த சன்னல் வழியே வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்றோடு பதினைந்து நாள். டேப் ஒட்டியிருந்த இடமெல்லாம் பசை கறுத்திருந்தது.

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கொஞ்சம் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு, "இப்ப இருமல் இருக்கா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லும் முன் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள்.

ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அவள் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.