ரக்னா எதில் நிற்கிறாள்

கிராதாலூர் பள்ளத்தாக்கில் ஒருவரை ஒருவர் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "எதுல நிக்கிற?" என்றுதான் கேட்பார்கள். வண்டி எத்தனை அங்குல டயரில் நிற்கிறது என்று அர்த்தம். பனியும் கரிமணலும் பாலமில்லாத ஆறுகளுமாகக் கிடக்கிற ஐஸ்லாந்தின் அந்த மூலையில், வாங்கியபோது இருந்த சக்கரத்தோடு வண்டி ஓட்டுகிறவனை வெளியூர்க்காரன் என்றுதான் நினைப்பார்கள். ஊர்ப் பாதிரியாரே முப்பத்தைந்தில் நிற்கிறார்.

ரக்னா பல வருஷமாக முப்பத்தெட்டில் நின்றாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. மீட்புப் படை கழித்துவிட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் அடுப்பு வைத்தாள். மருந்து அலமாரியில் மிளகும் உப்பும் போயின. பின்பக்கம் மடக்குக் கட்டில் ஒன்று. செப்டம்பரில், கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளை ஊரே சேர்ந்து கீழே ஓட்டி வரும்போது, அத்தனை பேருக்கும் மலைக் குடிசையில் பொங்கிப் போடுவது இந்த வேன்தான். மற்ற நாளெல்லாம் அவள் வெறும் ரக்னா. அந்த ஒரு வாரம் மட்டும் மலைராஜாவே தட்டை நீட்டிக்கொண்டு அவள் முன் நிற்பார். ஆடு ஓட்டும் கூட்டத்தின் தலைவருக்கு அங்கே அதுதான் பட்டம். மலைராஜா ஸ்தெய்னாருக்குக் கிரீடம் கிடையாது, பல்செட்டு உண்டு.

எதிர்ப் பண்ணை பிர்னா ரக்னாவோடு ஒன்றாகப் படித்தவள். அவளிடம் புதிதாக எது வந்தாலும், ரக்னாவின் வீட்டில் அதே பொருள் அன்றைக்கே ஒரு சுற்று சிறுத்துவிடும். பிர்னா திரைச்சீலை மாற்றினால் இவள் ஜன்னல் குறுகிப்போகும். பிர்னா கிளைனா பொரித்தால், அந்த முறுக்கிய மாவு இரண்டு மடங்கு உப்பியதாக ஊர் சொல்லும். இவள் பொரித்தது எண்ணெயிலேயே கூனிக்குறுகும். இதெல்லாம் வாயால் சொல்லக்கூடிய எரிச்சல் இல்லை. அதனால் ரக்னா அதை உள்ளேயே வைத்து, மூடி போட்டு, குறைந்த தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஊர் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தபோது அந்த மூடி தெறித்தது.

"பிர்னா ஒரு வேன் கட்டியிருக்கா, பாத்தியா?" என்றார் ஸ்தெய்னார். தொட்டியில் இறங்குமுன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிடுவார். சொற்களெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். "உள்ள ரெண்டு அடுப்பு. ரொட்டி சுடக்கூட பெட்டி இருக்கு."

"எதுல நிக்குது?" என்றாள் ரக்னா.

"நாப்பத்தி நாலு."

வெந்நீர் சட்டென்று ஆறிப்போனது போலிருந்தது அவளுக்கு.

"மலைக்கு வரட்டுமான்னு கேக்குறா," என்றார். "நான் என்ன சொல்ல? ரெண்டு பேரும் வாங்க. குடிசையில யார் அடுப்பு முதல்ல பத்துதோ, அதுதான் இனிமே மலைச் சமையல் வண்டி. எனக்குப் பசிக்கும், ரக்னா. எனக்கு அதான் நியாயம்."

அடுத்த நாள் ஞாயிறு. கடை திறக்காத நாள். ரக்னா டயர்க்காரன் ஓட்டாரை வீட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்து திறக்கச் சொன்னாள். ஓட்டார் கொட்டாவி விட்டபடி கேட்டான்.

"எதுக்கு வேணும்? பனிக்கா, ஆத்துக்கா, இல்ல பிர்னாவுக்கா?"

"வேனுக்கு."

"அப்போ பிர்னாவுக்குத்தான்." ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். "இது நாப்பது. உயரம், ஆனா ஒல்லி. தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு அடியில போயி கல்லைப் பிடிக்கும். உன் வேன் சுமக்கிற சட்டி பானைக்குப் பக்கச்சுவரும் தாங்கும். சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுத் தகரத்தைக் கொஞ்சம் வெட்டினாப் போதும்."

ரக்னா அதைப் பார்த்தாள். நல்ல டயர். ஆனால் நாற்பது நாற்பத்திநாலை விடச் சின்னது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"அது என்ன, மூலையில?"

"அதுவா? நாப்பத்தி ஆறு. சும்மா கட்டில் மெத்தை அகலம். பனியில அப்படியே வாத்து மாதிரி மிதக்கும்."

"மிதக்குமா?"

"மிதக்கும். ஆனா செப்டம்பர்ல ஏது பனி? அதுவும் இதை மாட்டணும்னா வளைவெல்லாம் அறுத்து எடுக்கணும், வண்டியைத் தூக்கணும், அச்சுல பல்சக்கரம் மாத்தணும், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உரசும், வேகமானி பொய் சொல்லும்."

"சொல்லட்டும். ஊர்ல எல்லாருந்தான் சொல்றாங்க."

அப்படியாக வேனின் பக்கங்கள் அறுபட்டன. டயரை விளிம்பில் உட்கார வைக்க ஓட்டார் உள்ளே கொஞ்சம் எரிவாயுவை அடித்துத் தீக்குச்சியைக் கிழித்தான். டொம் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் பாதிரியார் வீட்டுக் கோழி முட்டையிடுவதை மறந்து, கிறிஸ்துமஸுக்குத்தான் நினைவு வந்ததாகச் சொல்கிறார்கள். வண்டி ஒவ்வொரு சக்கரமாக உயர்ந்தது. கடைசியில் ரக்னா ஏறி உட்கார ஏணி வேண்டியிருந்தது. ஏணியின் உச்சியிலிருந்து பார்த்தால் எதிர்ப் பண்ணையில் பிர்னாவின் வேன் தெரிந்தது. பொம்மை போலிருந்தது. அன்றைக்கு அவள் பொரித்த கிளைனா உப்பியது.

ஆடு ஓட்டும் வாரத்துக்கு முன்பு நல்ல மழை. ஸ்வார்த்தா ஆறு கலங்கி, பால் விட்ட காபி நிறத்தில் ஓடியது. ஆட்கள் குதிரையில் முன்னாலேயே மலைக்குப் போய்விட்டார்கள். வேன்கள் இரண்டும் ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. பிர்னா கண்ணாடியை இறக்கினாள்.

"எதுல நிக்கிற, ரக்னா?" தெரிந்துதான் கேட்டாள்.

"நாப்பத்தி ஆறு."

பிர்னா உதட்டை உள்ளே மடித்துக் கடித்ததை ரக்னா பார்த்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடக் குழம்பு கிண்டியதற்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கியது போலிருந்தது.

"நான் மேல சுத்திப் போறேன்," என்றாள் பிர்னா. "அங்க ஆறு அகலமா பரந்து ஓடுது, ஆழமிருக்காது. நீயும் வா."

அகலமாகச் சலசலக்கும் இடத்தில் இறங்கு, குறுகி அமைதியாக ஓடும் இடத்தில் இறங்காதே என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ரக்னாவுக்கும் தெரியும். ஆனால் மேலே சுற்றிப் போனால் பிர்னாவின் பின்னால் போக வேண்டும். அவள் வேனின் பின்புறத்தை, அந்த ரொட்டி சுடும் பெட்டியின் புகைக்குழாயை, வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

"நாப்பத்தி நாலுக்குச் சுத்து வழிதான் சரி," என்று சொல்லிவிட்டு நேரே இறங்கினாள்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தது. பிறகு கதவைத் தொட்டது. பிறகு ஸ்டியரிங் லேசாகிவிட்டது. ஒரு விரலால் சுற்றலாம் போலிருந்தது. ரக்னா இடதுபக்கம் ஒடித்தாள். வண்டி வலதுபக்கம் போனது. அப்போதுதான் ஓட்டார் சொன்னது சரியாக விளங்கியது. நான்கு மெத்தைகள் நிறையக் காற்று. பனியில் மிதப்பது தண்ணீரில் மட்டும் ஏன் மிதக்காது? வேன் கரையோடு விடைபெற்றுக்கொண்டு, மூக்கை அசைத்து அசைத்து, ஆற்றோடு கிளம்பிவிட்டது. பின்னால் அகப்பைகள் மணியடித்தன. அண்டா நிறைய வைத்திருந்த ஆட்டிறைச்சி சூப் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவ்வளவு பதவிசான பயணம். வளைவு ஒன்றில் வேன் இரண்டு அன்னங்களை முந்தியதாகவும் பேச்சு.

கரையோரமாகவே பிர்னாவின் வேன் கூட ஓடி வந்தது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"ரக்னா, இப்போ எதுல நிக்கிற?"

ரக்னாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒன்றிலும் இல்லை. சொல்வாளா? கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்தபடி, வேண்டுமென்றேதான் போகிறவள் போல, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கரையை ஒட்டிய சரளைத் திட்டில் வேன் தானாகப் போய் உட்கார்ந்தது. பிர்னா மேலே சுற்றி ஆற்றைக் கடந்து வந்து கயிற்றை வீசினாள். அந்தக் கயிறும் புதுசு. ரக்னா அதைத்தான் முதலில் கவனித்தாள். இழுத்துப் பார்த்தார்கள்; சரளைக்குள் புதைந்த வேன் அசையவில்லை. ஆட்கள் வந்தால்தான் ஆகும்.

"நீ போ," என்றாள் ரக்னா. "அங்க பசியோட நிப்பாங்க."

"போகட்டுமா?"

"போ, போ. அடுப்பைப் பத்த வை." அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பிர்னாவின் அடுப்பு குடிசையில் முதலில் பற்றியது. ரொட்டியும் சுட்டாள். ஆனால் செய்தியைச் சொன்னாளோ இல்லையோ, மிதந்து போன வேனைப் பார்க்க ஒருவர் விடாமல் குதிரையேறி ஆற்றுக்கு வந்துவிட்டார்கள். சரளைத் திட்டில் ரக்னா சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே குடித்தார்கள். சிரித்துச் சிரித்து ஸ்தெய்னாரின் பல்செட்டு சூப்புக்குள் விழுந்தது. குடிசையில் ரொட்டி காய்ந்துபோனது.

மலைராஜா சொன்ன சொல்லை மாற்றவில்லை. "குடிசையிலன்னுதான் சொன்னேன். பிர்னாதான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க வெந்நீர்த் தொட்டியில் வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு முறையும் ஆறு அகலமானது. அன்னம் இரண்டு ஆறாயிற்று. கேட்கிறவர்கள் எல்லோரும் ரக்னாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். காய்ந்த காலோடு ஒழுங்காக ஆற்றைக் கடந்து, நேரத்துக்கு அடுப்பு பற்ற வைத்தவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிர்னா ஒரு மூலையில் மூக்குவரை தண்ணீரில் அமிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரக்னா அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக் கண்ணாடியில்.

வசந்தத்தில் பிர்னா கையில் கிளைனா தட்டோடு வந்தாள்.

"அந்த டயர் உனக்கு இனிமே எதுக்கு?"

"ஏன் கேக்குற?"

"எனக்குக் கொடு."

ரக்னா ஒரு கிளைனாவைக் கடித்து நிதானமாக மென்றாள். பாழாய்ப் போனது, நன்றாகத்தான் இருந்தது. "டயரை எடுத்துக்கோ. மலையை எனக்குக் கொடு."

பிர்னா யோசிக்கக்கூட இல்லை. "அந்த ஆளுங்களுக்குச் சமைக்கிறது யாருக்குடி வேணும்," என்றாள்.

ஓட்டார் அந்த ஒல்லி நாற்பதை ரக்னாவுக்கு மாட்டினான். செப்டம்பரில் வேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு, அகலமான இடத்தில் ஒழுங்காக ஆற்றைக் கடந்தது. குடிசையில் மலைராஜா தட்டை நீட்டினார். எல்லாம் பழையபடி.

திரும்பி வரும் வழியில் எதிரே பிர்னா வந்தாள். அறுத்த வளைவுகளுக்குள் அந்த நாற்பத்தாறு கருகருவென்று உருண்டு வந்தது. சாலையோரம் நின்ற பையன்கள் வாய் பிளந்து, எதில் நிற்கிறது என்று கேட்டார்கள். பிர்னா அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து பதில் சொன்னாள்.

ரக்னா வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி வழியாக அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய பழைய டயர்தான். இருந்தாலும் தன்னிடம் இருந்தபோது அது இத்தனை பெரிதாகத் தெரியவில்லை.