மூன்று டிஸ்க்கும் விழிக்கும் வரை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் என்றால் அம்பிகாதான். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து தினம் பஸ் ஏறி வருவாள். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். வெயிலில் காய்ந்த முகத்தை மாவு பூசியதுபோல் வெளுக்க வைக்காமல், அந்த நிறத்திலேயே அழகாகக் காட்டுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. "அம்பிகா கையில குடுங்க" என்று குப்பத்துச் சனம் கேட்டு வரும்.

பிறகு வளவனூரிலிருந்து ஆர்த்தி வேலைக்கு வந்தாள். வந்தவளுக்கு முதலாளி வெங்கடாசலம் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிப் போட்டார். அன்றைக்குப் பிடித்தது அம்பிகாவுக்கு வயிற்றெரிச்சல்.

வெங்கடாசலத்துக்குக் கரண்ட் வீணாவது பிடிக்காது. டீ குடிக்க எழுந்தால்கூடக் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். திரும்பி வந்து விசையைத் தட்டினால் ஆர்த்தியின் திரை உடனே விழித்துக்கொள்ளும். அம்பிகாவின் திரை கறுப்பாகவே நிற்கும். உள்ளே இருப்பவை மூன்று பழைய ஹார்ட் டிஸ்க்குகள். அவை முனகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கி, மூன்றும் விழித்த பிறகே படம் வரும்.

ஒருநாள் கண்டாச்சிபுரத்துக் கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். அம்பிகாவின் திரை வழக்கம்போல் இருண்டு கிடந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை வெள்ளையம்மாள் பொறுமை இழந்துவிட்டாள்.

"இன்னாம்மா, இன்னும் தூங்கிக்கினே கீது? அந்தப் பொண்ணாண்ட ஜல்தியா வருது பாரு" என்று நாற்காலியை ஆர்த்தி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கூட வந்தவர்களும் நகர்ந்தார்கள்.

அம்பிகாவுக்குக் காது மடல் சுட்டது. ஆர்த்தி சிரித்தது, தலையைச் சாய்த்துப் பேசியது, எல்லாமே தன்னை மட்டம் தட்டத்தான் என்று பட்டது. சாப்பாட்டு வேளையில் தனியாக உட்கார்ந்தாள். சாயங்காலம் முதலாளியிடம் போனாள்.

"இத்தினி வருசமா இருக்கறவ நானு. எனக்கு அந்தப் பேஜாரு புடிச்ச மிசினு, நேத்து வந்தவளுக்குப் புதுசா? மாத்திக் குடுங்க சார்."

முதலாளி தயங்கினார். ஆர்த்தியே, "அக்காவே எடுத்துக்கட்டும் சார்" என்று எழுந்துகொண்டாள். அந்தப் பெருந்தன்மையும் அம்பிகாவுக்கு எரிந்தது.

சில நாள் அம்பிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆர்த்தி கறுப்புத் திரைக்கு முன்னால் தவிப்பதை ரசிக்க ஓரக்கண்ணால் பார்த்துக் காத்திருந்தாள். ஆனால் ஆர்த்தி தவிக்கவில்லை. பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். முதலாளியிடம் சொல்லி, சுற்றாமலே வேலை செய்யும் சின்ன எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்று வாங்கி, விண்டோஸை அதில் ஏற்றினாள். தாமதம் கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. பிறகு பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத் தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தாள். ஒன்றைக் கழற்றியதும் திரை சட்டென்று வந்தது.

அதை மறுபடி மாட்டிவிட்டு, "அக்கா, இங்க வாங்களேன்" என்றாள். "மத்த ரெண்டும் பின்னால மெதுவாச் சுத்திக்கட்டும், பிரச்னை இல்ல. இதுதான் எழ முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கினு எல்லாத்தையும் நிறுத்தி வெக்குது. டக்கு டக்குனு சத்தம் கேக்குதா? சாகப் போவுதுக்கா. இதுல இன்னா இருக்குது?"

அதில் இருந்தவை அம்பிகா செய்த குப்பத்துக் கல்யாணங்கள். வேறெங்கும் பிரதி கிடையாது. அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ மாதமாகக் கேட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். என்னவென்று பார்த்ததில்லை.

ஆர்த்தி அன்று வேறு வேலை தொடவில்லை. எல்லாவற்றையும் இன்னொரு புது டிஸ்க்குக்கு மாற்றினாள். கடைசிக் கல்யாணமும் வந்து சேர்ந்த பிறகு பழைய டிஸ்க் அடங்கிப்போனது, மறுபடி எழவில்லை. அம்பிகாவுக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். தன் கண்ணெதிரே கிடந்ததை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? அதுவுமில்லாமல் இப்போது பழைய கம்ப்யூட்டர் புதிதுக்கு இணையாக விழித்தது. திருப்பிக் கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்து, வெட்கி, விட்டுவிட்டாள்.

மறுநாள் முதலாளி எல்லார் முன்னாலும், "நல்ல வேளை, அம்பிகா உஷாரா இருந்து காப்பாத்துச்சு" என்றார். படங்கள் அவளுடையவை என்பதால் அப்படி நினைத்துக்கொண்டார். ஆர்த்தி திரையைப் பார்த்தபடி தன் வேலையைத் தொடர்ந்தாள். அந்தப் பேர் அம்பிகாவின் மடியில் தானாக வந்து விழுந்திருந்தது. அவள் அதை ருசித்தாள். மூச்சை உள்ளிழுத்தாள்.

"நான் இல்ல சார். ஆர்த்திதான்" என்றாள். வாய் கசந்தது.

முதலாளி அந்தப் பக்கம் திரும்பிப் பாராட்டத் தொடங்கினார். அம்பிகாவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. இருந்தாலும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆர்த்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தா, கருவாட்டுக் கொழம்பு. எங்கம்மா வெச்சது" என்று தள்ளிவைத்தாள். "அந்தப் பொட்டிய எப்படித் தொறந்தன்னு எனக்கும் காட்டு. அடுத்த வாட்டி நானே பாத்துக்கறேன்."

"சரிக்கா" என்று ஆர்த்தி குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.